நவாஹோ வெள்ளி நகை முதன்முறையாக வாங்குவோருக்கு: பெயர், பில், நேரம், செலவு

அரிசோனாவுக்குக் குடிவந்த முதல் ஆண்டிலேயே ஒரு வெள்ளிக் காப்பு வாங்கினேன். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஒரு கடைவீதி. கண்ணாடிப் பெட்டி நிறைய நீலக் கற்கள், மேலே 'பாதி விலை' என்ற அட்டை. 520 டாலர் காப்பை 260 டாலருக்குத் தருவதாகச் சொன்னார்கள். எட்டு மாதத்தில் அதன் உட்புறம் மஞ்சள் பூத்தது, கல்லின் ஓரம் வெளுத்தது. நகை பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். வெள்ளி முலாம் பூசிய நிக்கல் கலவை, சாயம் ஏற்றிய வெள்ளைக்கல் என்றார். பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தால் 'காப்பு – 1' என்று மட்டும் இருந்தது. செய்தவர் பெயர் இல்லை, உலோகம் எதுவென்று இல்லை, கல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் கேட்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டில் நான்கு முறை, அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒன்றான நவாஹோ மக்களின் நிலப்பகுதிக்கும் அதன் எல்லை ஊர்களுக்கும் போய் வந்தேன். பத்தர்கள் சிலரோடு பேசினேன், ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கினேன். முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பணமும் அலைச்சலும் மிஞ்சியிருக்கும் என்று தோன்றியவற்றை வரிசையாக எழுதுகிறேன். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கும், கிராண்ட் கேன்யன் பக்கம் சுற்றுலா வருபவர்களுக்கும் இது உதவும்.

1. அட்டையில் எழுதியிருக்கும் சொற்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நம்மவர்கள் பலரும் முதலில் தடுக்கி விழும் சொல் 'இந்தியன்'. அமெரிக்கப் பூர்வகுடிகளின் நகையை இங்கே 'இந்தியன் ஜுவல்லரி' என்பார்கள். ராஜஸ்தானில் செய்து இறக்குமதியான காப்புக்கும் அதே சொல் பொருந்திவிடும். ஆகவே 'இந்தியனா?' என்று கேட்காதீர்கள். 'செய்தவர் எந்தப் பழங்குடி? அவர் பெயர் என்ன?' என்று கேளுங்கள்.

அடுத்த சொல் 'ஸ்டைல்'. 1990-இல் வந்த அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது குற்றம். தனிமனிதர் முதல்முறை பிடிபட்டால் 2,50,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடம் உண்டு. அரசு அங்கீகரித்த பழங்குடி ஒன்றில் பதிவுபெற்ற உறுப்பினராகவோ, அந்தப் பழங்குடியே சான்றளித்த கைவினைஞராகவோ இருப்பவர் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயரைச் சொல்லி விற்கலாம். 'நேட்டிவ் ஸ்டைல்', 'சவுத்வெஸ்ட் ஸ்டைல்' என்று எழுதிவிட்டால் அந்தச் சட்டத்தின் பிடியில் சிக்குவதில்லை. நான் வாங்கிய காப்பின் அட்டையிலும் அந்தச் சொல் இருந்தது. சிறிய எழுத்தில் இருந்ததால் நான் படிக்கவில்லை.

மூன்றாவது, 'ஹால்மார்க்'. இந்தியாவில் ஹால்மார்க் என்றால் தரமுத்திரை, மாற்றுக்கு உத்தரவாதம். இங்கே இந்த வணிகத்தில் ஹால்மார்க் என்பது செய்தவரின் அடையாள முத்திரை. பெயரின் முதலெழுத்தாக இருக்கும், அல்லது ஓர் இறகு, ஒரு பிறை. வெள்ளியின் மாற்றைச் சொல்வது 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லோ 925 என்ற எண்ணோதான். 'ஹால்மார்க் உண்டு' என்று கடைக்காரர் சொன்னதும் நிம்மதியடைந்துவிடாதீர்கள். இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

'ஜெர்மன் சில்வர்', 'நிக்கல் சில்வர்', 'அல்பாக்கா' ஆகிய மூன்றிலும் பொட்டு வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைதான்.

2. கிராம் விலையைக் கேட்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாம் நகைக்கடைக்குள் நுழைந்தவுடன் இன்றைய கிராம் விலை, செய்கூலி, சேதாரம் என்று கணக்குப் போட்டே பழகியவர்கள். ஒரு நவாஹோ பத்தரின் மேசைக்கு முன்னால் நின்று நானும் 'எத்தனை கிராம்?' என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. காப்பை என் கையில் வைத்து, அதில் விழுந்திருந்த ஒவ்வொரு அச்சையும் எந்த உளியால் அடித்தார் என்று காட்டினார். அந்த உளிகளையும் அவரே பழைய அரங்களைத் தேய்த்துச் செய்திருந்தார். ஒன்று அவருடைய தாத்தாவுடையது.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் விலை புரியும். தட்டையான வெள்ளித் தகட்டில் உளி வைத்துச் சுத்தியலால் அடித்து வடிவம் பதிப்பது ஒரு முறை. ஒரு காப்புக்கு நூற்றுக்கணக்கான அடி விழும். ஓர் அடி வழுக்கினாலும் தகடு வீண். டூஃபா என்ற மென்மையான எரிமலைக் கல்லைக் குடைந்து, உருக்கிய வெள்ளியை ஊற்றி வார்ப்பது இன்னொரு முறை. கல் அச்சு சில வார்ப்புகளிலேயே சிதைந்துவிடும் என்பதால் அப்படி வார்த்த நகை பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கல் உட்காரும் கூட்டை மெல்லிய வெள்ளிப் பட்டையால் வளைத்து, பொடி வைத்து ஊதி ஒட்ட வேண்டும். பிறகு அரம், மெருகு, பள்ளங்களில் கருமை ஏற்றுதல். நம் ஊர்ப் பட்டறையில் ஊதுகுழலும் வெங்காரமும் சாமணமும் பார்த்தவர்களுக்கு இந்த மேசை அந்நியமாக இருக்காது.

நான் பார்த்த விலைகளைச் சொல்கிறேன். வெள்ளி விலை ஏறினால் இவையும் ஏறும். சிறிய காதணி, மெல்லிய மோதிரம் 40 முதல் 90 டாலர். கல் இல்லாமல் அச்சு மட்டும் பதித்த காப்பு 120 முதல் 300. நல்ல கல் பதித்தது 350 முதல் 900. டூஃபா வார்ப்பு 500-இல் தொடங்குகிறது. பூசணிப்பூ மாலை என்று நான் அழைக்கும் ஸ்குவாஷ் பிளாசம் மாலை, நடுவில் நாஜா என்ற பிறைப் பதக்கத்தோடு, 1,800 டாலருக்குக் கீழே நம்பிக்கையாக எங்கும் கிடைக்கவில்லை. பரிசு வாங்கிய கலைஞர்களின் நகை இந்தக் கணக்குக்குள் வராது.

60 டாலருக்குப் பூசணிப்பூ மாலை கிடைத்தால் அதில் யாருடைய உழைப்பும் இல்லை என்று பொருள். முதல்முறை வாங்குபவர்கள் 150 முதல் 250 டாலர் வைத்துக்கொண்டு, கல் இல்லாத ஓர் அச்சுவேலைக் காப்பில் தொடங்குங்கள். கல்லைப் பற்றிய சிக்கல்கள் எதுவும் இல்லாமல் வேலையை மட்டும் பார்க்கக் கற்றுக்கொள்வீர்கள்.

3. எங்கே, எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு

நவாஹோ நேஷன் அரிசோனா, நியூ மெக்ஸிகோ, யூட்டா மூன்றிலும் பரந்து கிடக்கிறது. தலைநகர் விண்டோ ராக். அந்த மக்கள் தங்களை தினே என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது நியூ மெக்ஸிகோவின் சாண்டா ஃபே நகரில் உள்ள பேலஸ் ஆஃப் த கவர்னர்ஸ் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரம். கைவினைஞர்கள் தரையில் துணி விரித்து, தாங்கள் செய்ததைத் தாங்களே விற்கிறார்கள். விற்பவரோ அவர் வீட்டாரோ செய்த பொருளாகத்தான் இருக்க வேண்டும், செய்தவர் முத்திரை இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. காலையில் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குகிறார்கள். நவாஹோ மட்டுமல்லாமல் புவெப்லோ எனப்படும் வேறு பழங்குடி ஊர்க்காரர்களும் இருப்பார்கள் என்பதால் பழங்குடியின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணமில்லை.

விண்டோ ராக்கில் நவாஹோ ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் எண்டர்பிரைஸ் இருக்கிறது. 1941-இல் கைவினைஞர் சங்கமாகத் தொடங்கிய, நவாஹோ நேஷனுக்கே சொந்தமான நிறுவனம். அங்கிருந்து மேற்கே அரை மணி நேரத் தொலைவில் கனாடோ ஊரில் ஹப்பெல் வணிகக் கூடம், 1878 முதல் நடக்கிறது. இன்று தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் உள்ள வரலாற்றுத் தலம். மரத்தரை கிறீச்சிடும் அந்தப் பழைய கடையில் இப்போதும் நகையும் கம்பளமும் விற்கிறார்கள். அவசரமில்லாமல் பார்க்கலாம், கேட்டால் விளக்குவார்கள்.

நியூ மெக்ஸிகோவின் கேலப் ஊரில்தான் கடைகள் அதிகம். கலப்படமும் தரமும் அடுத்தடுத்த கதவுகளில் இருக்கும். சனிக்கிழமைச் சந்தையில் செய்தவர்களையே நேரில் பார்க்கலாம். ஆனால் முதல் பயணத்தில் கேலப்புக்குப் போகாதீர்கள். கண் பழகிய பிறகு போங்கள்.

பெரிய சந்தைகள் இரண்டு. பீனிக்ஸ் நகரின் ஹர்ட் அருங்காட்சியகம் மார்ச் மாதத் தொடக்கத்தில் நடத்துவது ஒன்று. இதற்கு டிக்கெட் உண்டு. சாண்டா ஃபேயில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் இந்தியன் மார்க்கெட் மற்றொன்று, 1922-இல் தொடங்கியது. இரண்டிலும் கலைஞர்களைச் சோதித்துத்தான் சேர்க்கிறார்கள். ஆகஸ்ட் வார இறுதிக்குச் சாண்டா ஃபேயில் அறை வேண்டுமானால் ஐந்தாறு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். நான் ஜூலையில் தேடி, அறுபது மைல் தள்ளி ஆல்புகெர்க்கியில் தங்கினேன்.

இனி ஒரு கடிகாரப் பொறி. அரிசோனா மாநிலம் கோடைகால நேரமாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. நவாஹோ நேஷன் பின்பற்றுகிறது. மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை பீனிக்ஸில் மணி நான்கு என்றால் விண்டோ ராக்கில் ஐந்து. நவாஹோ நிலத்தின் நடுவே இருக்கும், ஹோப்பி என்ற வேறொரு பழங்குடியின் நிலத்தில் மறுபடியும் நான்கு. கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன் ஒரு முறை. கடைக்கு முந்தின நாளே தொலைபேசியில் கூப்பிட்டு, 'உங்கள் ஊர் நேரப்படி எப்போது மூடுவீர்கள்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். பெட்ரோலை நெடுஞ்சாலையிலேயே நிரப்புங்கள். நவாஹோ நிலத்துக்குள் மது கொண்டுபோவது சட்டவிரோதம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேன்யன் ஓரங்களிலும் சாலையோரத்திலும் சிறு கடைகள் இருக்கும். அவற்றில் சில நேரங்களில் அருமையான வேலை கிடைக்கும். ஆனால் கோத்த மணிமாலைகளில் பல வெளிநாட்டு மணிகளை இங்கே கோத்தவை. 'இந்த மணியையும் நீங்களே செய்தீர்களா?' என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள்.

4. கையில் எடுத்ததும் பின்பக்கத்தைத் திருப்புங்கள்

முன்பக்கம் எல்லாருக்கும் அழகாகத்தான் இருக்கும். பின்பக்கத்தில் செய்தவர் முத்திரை, ஸ்டெர்லிங் குறி, அரம் போட்ட தடம், ஒட்டிய கோடு ஆகியவற்றைத் தேடுங்கள். கையால் அடித்த அச்சுகள் ஆழத்திலும் இடைவெளியிலும் மயிரிழை வேறுபடும். தட்டில் ஒரே மாதிரி பன்னிரண்டு காப்புகள், ஒரே இடத்தில் ஒரே பிசிறோடு இருந்தால், அவை ரப்பர் அச்சில் வார்த்தவை.

இறக்குமதியான பூர்வகுடிப் பாணி நகையில் செய்த நாட்டின் பெயரை அழியாதபடி பொறிக்க வேண்டும் என்பது சுங்க விதி. பின்பக்கத்தில் எதையோ தேய்த்து எடுத்த தடமோ பசைத் தடமோ தெரிந்தால் வைத்துவிடுங்கள். இது கற்பனைப் பயம் அல்ல. பிலிப்பைன்ஸில் செய்த நகையைப் பூர்வகுடியினர் செய்ததாக விற்ற ஒருவருக்கு 2018-இல் ஆல்புகெர்க்கி நீதிமன்றம் ஆறு மாதச் சிறை விதித்தது.

காந்தச் சோதனையை நம்பாதீர்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, உண்மைதான். நிக்கல் சில்வரும் ஒட்டாது. சந்தேகம் இருந்தால் வாங்கிய வாரத்திலேயே நகை மதிப்பீட்டாளரிடம் ஊடுகதிர்க் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு 20 டாலர் கேட்டார்கள், பொருளுக்குச் சேதமில்லை.

'நவாஹோ முத்து' என்ற பெயரில் விற்கும் வெள்ளி மணிமாலைக்குத் தனிக் கவனம் வேண்டும். பத்தர் செய்யும் மணி இரண்டு அரைக்கோளங்களைக் குழித்து நடுவில் ஒட்டியது. உற்றுப் பார்த்தால் இடுப்பில் ஒட்டுக்கோடு தெரியும், மணிக்கு மணி அளவும் சிறிது மாறும். இயந்திர மணி அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். விலை வேறுபாடு பத்து மடங்கு வரை போகும் என்பதால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம்.

எல்லா நவாஹோ நகையும் ஒரே சாயலில் இருக்காது. ஆனாலும் கனமான வெள்ளி, பெரிய கல், அச்சுவேலை கண்ணில் பட்டால் முதலில் நவாஹோ என்று நினைப்போம். ஊசிமுனை போன்ற சிறுசிறு கற்களை வரிசையாகப் பதிப்பது ஸூனி பழங்குடியின் வேலை. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கீழ்த்தகட்டைக் கறுக்க வைப்பது ஹோப்பி. விற்பவர் சொல்வதற்கும் கண் காண்பதற்கும் பொருத்தம் இல்லாவிட்டால் காரணம் கேளுங்கள்.

5. கல்லுக்கு ஒரே கேள்வி

'இயற்கைக் கல்லா, உறுதிப்படுத்தியதா, சாயமேற்றியதா, தூளைக் குழைத்து வார்த்த கட்டியா?' இந்த நான்கில் எது என்று கேளுங்கள்.

இந்த நகைகளில் பதிக்கும் நீலநிறக் கல்லான டர்க்காய்ஸ் பெரும்பாலும் மென்மையாகவும் துளையுள்ளதாகவும்தான் பூமியிலிருந்து வரும். அழுத்தத்தில் பிசின் ஏற்றி இறுக்குவதை உறுதிப்படுத்துதல் என்கிறார்கள். அது மோசடி அல்ல. நல்ல பத்தர்களும் பயன்படுத்துகிறார்கள். சொல்லாமல் இயற்கைக் கல் விலைக்கு விற்றால்தான் மோசடி. ஹவ்லைட், மேக்னசைட் போன்ற வெள்ளைக் கற்களுக்கு நீலச் சாயம் ஏற்றியவை டர்க்காய்ஸே அல்ல.

சுரங்கப் பெயர் சொல்லி விலை ஏற்றுவார்கள். அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் 2012-இல் டர்க்காய்ஸ் எடுப்பது நின்றது. பிஸ்பி அதற்கும் பல ஆண்டு முன்பே நின்றுவிட்டது. மூடிய சுரங்கத்தின் கல் என்பதால் விலை கூடும். கல்லைப் பார்த்து மட்டுமே சுரங்கத்தை உறுதியாகச் சொல்வது நிபுணர்களுக்கே கடினம். கிங்மன் சுரங்கம் இன்றும் இயங்குகிறது. ஆகவே முதல் கல்லுக்குச் சுரங்கப் பெயருக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் அறிவுரையையும் கேட்காதீர்கள். கல் கெட்டுவிடும்.

6. அளவு: 2-4, 2-6 இங்கே உதவாது

நம் வளையல் அளவு மூடிய வட்டத்தின் விட்டம். காப்பு ஒரு பக்கம் திறந்தது. மணிக்கட்டைத் துணி நாடாவால் சுற்றி அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். காப்பின் உட்சுற்றளவு, திறப்பையும் சேர்த்து, அந்த எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். இணையத்தில் வாங்கும்போது 'உட்சுற்று எவ்வளவு, திறப்பு எவ்வளவு' என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். காப்பை மணிக்கட்டின் பக்கவாட்டில் நுழைத்துத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் விரித்து மாட்டினால் வெள்ளி இறுகி ஒருநாள் விரிசல் விடும், கல்லும் தெறிக்கும்.

7. பேரமும் பணமும்

செய்தவரிடம் நேரில் வாங்கும்போது அடித்துப் பேசாதீர்கள். இரண்டு மூன்று பொருள் எடுத்தால் 'சேர்த்து என்ன விலை?' என்று ஒரு முறை கேட்கலாம். சொன்ன விலையை ஏற்கலாம், அல்லது நன்றி சொல்லிவிட்டு நகரலாம். 'பாதிக்குத் தருவீர்களா?' என்ற கேள்வி அவர் கைக்கே விலை வைப்பதுபோல இருக்கும். நாம் கடைவீதியில் கற்ற பழக்கத்தை இங்கே கழற்றி வைப்பதுதான் முறை. எப்போதும் 'எழுபது சதவீதத் தள்ளுபடி' தொங்கும் கடைகளில் அட்டை விலையே கற்பனை.

நவாஹோ நேஷனுக்குள் தனி விற்பனை வரி உண்டு. ரொக்கம் எடுத்துப் போங்கள். சிக்னல் இல்லாத இடங்களில் அட்டை வேலை செய்யாது. படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். வணக்கத்துக்கு 'யாஅதேஏ', நன்றிக்கு 'அஹேஹே' என்று சொன்னால் முகம் மலரும்.

8. பில்: இதை வாங்காமல் நகராதீர்கள்

என் 260 டாலர் போனது இந்த இடத்தில்தான். பில்லில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: செய்தவரின் முழுப்பெயர், அவர் பதிவுபெற்ற பழங்குடி, முத்திரையின் வடிவம், உலோகம், கல்லின் பெயரும் அது இயற்கையா உறுதிப்படுத்தியதா என்பதும், கையால் செய்ததா வார்த்த பாகங்களைச் சேர்த்ததா, தேதி, விலை, விற்பவர் பெயரும் முகவரியும்.

சந்தையில் செய்தவரிடம் வாங்கும்போது அவரிடம் பில் புத்தகம் இல்லாமல் இருக்கலாம். நான் ஒரு சிறு நோட்டு எடுத்துப் போகிறேன். விவரங்களை நானே எழுதி, கையெழுத்துப் போடச் சொல்கிறேன். இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. இரண்டு பேர் பக்கத்திலேயே முத்திரையை வரைந்தும் கொடுத்தார்கள். பழங்குடிப் பதிவு அட்டையைக் காட்டச் சொல்லி அவர்களைக் கேட்காதீர்கள். பெரிய சந்தைகளில் அந்தச் சோதனையை நடத்துபவர்கள் முன்பே செய்துவிடுகிறார்கள். கடைக்காரரிடம் மட்டும் எழுத்துப்பூர்வ உறுதி கேளுங்கள், அது உங்கள் உரிமை.

தங்க எழுத்தில் அச்சிட்ட 'அசல் சான்றிதழ்' ஒன்றைச் சில கடைகள் தரும். அதில் செய்தவர் பெயர் இல்லையென்றால் அதற்கு மதிப்பில்லை.

ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால், உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1935 முதல் இயங்கும் இந்தியன் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் போர்டுக்கு இணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. பில், விளம்பரப் படம், அட்டை, நகையின் இருபக்கப் படம் ஆகியவை தேவை. பூர்வகுடியினர் நடத்தும் கடைகளின் பட்டியலையும் அந்த வாரியம் வெளியிடுகிறது. பயணத்துக்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. பழைய நகை

'ஓல்டு பான்', 'டெட் பான்' என்பவை அடகு வைத்து மீட்காமல் போனவை. நம் ஊரில் 'நகை மூழ்கிவிட்டது' என்போமே, அதுதான். ஒரு குடும்பத்தின் மழையில்லாத ஆண்டோ மருத்துவச் செலவோ அதன் பின்னால் இருக்கும். இந்தப் பெயருக்காகவே விலை கூடுவதால், போன மாதம் கறுக்க வைத்த புது நகைக்கும் பழைய அடகுச் சீட்டைக் கட்டி விற்பவர்கள் உண்டு. பழைய நகைகளில் பெரும்பாலும் முத்திரை இருக்காது. எனவே முத்திரை இல்லாததாலேயே போலி என்றும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று ஆண்டு கண் பழகும்வரை இதைத் தொடாதீர்கள்.

கழுகு இறகோ நகமோ சேர்ந்த பழைய பொருளை எந்தச் சூழலிலும் வாங்காதீர்கள்; சட்டப்படி குற்றம். பழங்குடிகளின் சடங்குக்குரிய, அவர்களுக்கே பொதுவான பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதையும் 2022 இறுதியில் கையெழுத்தான சட்டம் தடுக்கிறது. விற்பனைக்காகச் செய்த சாதாரண நகைக்கு இந்தத் தடை இல்லை.

10. காப்பீடும் சுங்கமும்

வீட்டுக் காப்பீட்டில் நகைத் திருட்டுக்குத் தனி வரம்பு இருக்கும். 1,500 டாலர் போன்ற தொகை பல பாலிசிகளில் சாதாரணம். அதற்கு மேல் வாங்கினால் மதிப்பீட்டாளரின் எழுத்துச் சான்றோடு அந்த நகையைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் வசிப்பவர்கள் ஊருக்கு அணிந்துபோய்த் திரும்பக் கொண்டுவருவதானால், கிளம்பும் முன் அமெரிக்கச் சுங்க அலுவலகத்தில் 4457 எண் படிவத்தில் நகையைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணமில்லை. திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி எழாது. விமான நிலைய அலுவலகம் எப்போது திறந்திருக்கும் என்று முன்பே கேளுங்கள். நள்ளிரவு விமானத்துக்குப் போய் நின்றால் ஆள் இருக்கமாட்டார். இந்தியாவுக்குப் பரிசாக எடுத்துப் போவதானால், வரியில்லாமல் அனுமதிக்கும் அளவு அடிக்கடி மாறுவதால் பயண வாரத்தில் இந்தியச் சுங்கத்துறைத் தளத்தைப் பாருங்கள். பில்லைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

11. சொல்லிச் செய்து வாங்குவது, பிறகு பார்த்துக்கொள்வது

முதல் இரண்டு நகைக்குப் பிறகு, மனத்துக்குப் பிடித்த வேலை செய்பவரிடம் சொல்லிச் செய்யுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் கேளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எல்லாரும் சந்தைக்காக இரவுபகலாக வேலை செய்வார்கள். நவம்பர், டிசம்பரிலும் அப்படியே. மணிக்கட்டு அளவு, எந்தக் கல், அதிகபட்சத் தொகை மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பாதி முன்பணம் கேட்பது வழக்கம். வடிவத்தை அவரிடமே விடுங்கள். இன்னொரு கலைஞரின் படத்தைக் காட்டி 'இதேபோல்' என்று கேட்காதீர்கள்.

எனக்கு எட்டு வாரம் என்றார், பதினான்கு வாரமானது. நடுவில் அவர் வீட்டில் ஒரு சடங்கு, பிறகு பனியில் மண்சாலை மூடிக்கொண்டது. பல வீடுகளுக்குத் தபால் நேரடியாக வராது, ஊர்த் தபால் பெட்டிக்குப் போய் எடுக்க வேண்டும். மாதம் ஒரு முறைக்கு மேல் விசாரிக்காதீர்கள். காப்பீடு செய்த பார்சலில், கையெழுத்து வாங்கித் தரும்படி அனுப்பச் சொல்லி அந்தச் செலவை நீங்கள் கொடுங்கள். எனக்கு 480 டாலர் காப்பு, 22 டாலர் அஞ்சல்.

வீட்டுக்கு வந்த நகையைப் புளியும் பற்பசையும் போட்டுத் தேய்க்காதீர்கள். நம் வெள்ளிக் குத்துவிளக்குக்குப் போடும் விபூதிகூட இதற்கு வேண்டாம். புளியின் அமிலம் கல்லை அரிக்கும், தூள் அச்சுப் பள்ளங்களில் போய் அடைத்துக்கொள்ளும். பள்ளங்களில் இருக்கும் கருமை அழுக்கு இல்லை, பத்தர் ஏற்றியது. மென்துணியால் மேடுகளை மட்டும் துடையுங்கள். ரசாயனக் கரைசலில் முக்குவதும் ஒலியதிர்வுத் தொட்டியில் போடுவதும் கூடவே கூடாது. எண்ணெய், வாசனைத் திரவியம், கைச் சுத்திகரிப்பு நீர் எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியாக அணியுங்கள். இயற்கைக் கல் ஆண்டுகள் போகப் போக உடலெண்ணெயை வாங்கிக் கொஞ்சம் பச்சையோடும், அது குறையில்லை.

போன குளிர்காலத்தில் என் காப்பின் கல் கூட்டுக்குள் லேசாக ஆடத் தொடங்கியது. பில்லில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். அவர் என் பெயரைக் கேட்கவில்லை, முத்திரைக்குக் கீழே போட்டிருந்த சிறு எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்ததும், 'ஓ, அந்தப் பனிக்காலத்துக் காப்பா, கொண்டு வாருங்கள்' என்றார். மார்ச் மாதம் ஹர்ட் சந்தையில் கொடுத்தேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே கூட்டின் விளிம்பை அழுத்தி இறுக்கித் திருப்பித் தந்தார், பத்து நிமிடம்கூட ஆகவில்லை.